பெட்டி பிரியாத வருஷம்

என் வயதுக்காரர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். முட்டி வலி என்றால் என்ன, சர்க்கரை மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடுவதா பின்னால் போடுவதா என்றெல்லாம் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இளசுகளிடம் பேச்செடுத்தால் பாதியிலேயே போனைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். திரும்ப முதலிலிருந்து சொல்ல எனக்குத் தெம்பில்லை.

கண் மங்கிக்கொண்டே வருகிறது. ஊசியில் நூல் கோக்க முடியாமல் போய் ரொம்ப நாளாகிறது. இப்போது எதிரே வருவது யார் என்பதை நடையை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறேன். மகனுக்குச் சொல்லவில்லை. அவனுக்கு மீஞ்சூரில் கம்பெனி வேலை. பெண்டாட்டி பிள்ளையோடு அங்கேயே இருக்கிறான். சொன்னால் மறுநாளே வந்து என் துணிமணியை மூட்டை கட்டிவிடுவான். மாடி வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து ரயில் சத்தம் கேட்டுக்கொண்டு கிடக்க என்னால் ஆகாது. அதனால் கண் தெரிகிற மாதிரியே நடமாடிக்கொண்டிருக்கிறேன். இந்த நடிப்பும் அலுத்துத்தான் போகிறது.

போன வாரம் முறத்தில் அரிசியைப் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். கண் எங்கோ இருந்தது. விரல் நுனிதான் தடவித் தடவி வேலை செய்தது. சட்டென்று கை நின்றுவிட்டது. இது என் விரல் இல்லை, என் நைனாவின் விரல். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். தேனீப் பெட்டியிலிருந்து தேனடையைத் தூக்கி அதன் அடிவிளிம்பை அவர் இப்படித்தான் தடவுவார். ஐயோ நைனா என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்தில் யாரும் இல்லாதது நல்லதாகப் போயிற்று.

மீன்பிடிக்கிற வீட்டில் தேனீப் பெட்டி எங்கே வந்தது என்று கேட்பீர்கள். நான் மூன்றாவதோ நான்காவதோ படித்த சமயம். ஆரம்பாக்கத்துப் பக்கம் நெல் பயிரிடுகிற வீடுகளுக்கு ஒரு அதிகாரி தேனீப் பெட்டி கொடுத்துக்கொண்டிருந்தார். அதில் மிஞ்சியதை, ஏரியில் மீன் படாத மாதத்தில் உதவுமே என்று எங்கள் ஊருக்கும் கொண்டுவந்தார். ஊரே சிரித்தது. ஒரு வீட்டில் பெட்டியில் கோழி அடைகாத்தது. இன்னொரு வீட்டில் அதன்மேல் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்தினார்கள். எங்கள் வீட்டில் மட்டும்தான் அதில் தேனீ குடியிருந்தது.

அந்த ஈயைப் பிடித்து வந்தவர்கள் சித்தப்பாவும் சின்னம்மாவும். சித்தப்பா நைனாவின் தம்பி. இரண்டு பேருக்கும் வயசில் அவ்வளவு வித்தியாசம். தாய் தகப்பன் சீக்கிரமே போய்விட்டதால் நைனாதான் அவரை இடுப்பில் வைத்து வளர்த்தாராம். சின்னம்மா அப்போது புதுப்பெண். கரையில் கவிழ்த்துப் போட்டு மக்கிக்கிடந்த ஒரு தோணியின் அடியில் தேனீ கூடு கட்டியிருந்ததை அவள்தான் பார்த்தாள். புடவைத் தலைப்பை முகத்தில் சுற்றிக்கொண்டு தோணிக்கு அடியில் படுத்து, அடைகளை அறுத்து அறுத்து வெளியே நீட்டினாள். சித்தப்பா அவற்றை மரச்சட்டத்தில் வைத்து வாழைநாரால் கட்டினார். சின்னம்மாவின் கை வீங்கி வளையல் நகரவே இல்லை. அதைத் தெருவெல்லாம் காட்டிச் சிரித்துக்கொண்டு வந்தாள். அந்தச் சிரிப்பை நான் பிறகு அதிகம் பார்த்ததில்லை.

பெட்டியை முருங்கை மரத்தடியில் நாலு காலில் நிறுத்தி, எறும்பு ஏறாமல் ஒவ்வொரு காலின் அடியிலும் தண்ணீர்க் கிண்ணம் வைத்தார்கள். அதிகாரி வந்து பார்த்துவிட்டு எல்லாம் சொல்லிக்கொடுத்தார். கூட்டம் பெருத்தால் பெட்டியை இரண்டாகப் பிரிக்க வேண்டும். எப்போது பிரிப்பது என்பதை ஈயே சொல்லும். வாசலில் தாடி மாதிரி கொத்தாகத் தொங்கும். குண்டு குண்டாக ஆண் ஈ சுற்றும். அடையின் அடிவிளிம்பில் வேர்க்கடலை மாதிரி ஒரு அறை கட்டும், அது புது ராணிக்கு. அதைப் பார்த்ததும் பிரித்துவிட வேண்டும். தாமதித்தால் பாதிக் கூட்டம் தானாகவே கிளம்பிப் போய்விடும்.

"போறது பழைய ராணிதான்," என்றார் அதிகாரி. "வீட்டைப் புது ராணிக்கு விட்டுட்டு, கிழவி வெளிய போயிடுவா."

"இது இன்னா ஊர்ல இல்லாத வழக்கம்?" என்று அம்மா சிரித்தாள். நைனாவும் சிரித்தார். சின்னவன்தானே வெளியே போவான், பெரியவர் எங்கேயாவது வீட்டை விட்டுப் போவாரா? அதிகாரி ஏதோ உளறுகிறார் என்று அந்தப் பேச்சை எல்லோரும் அங்கேயே விட்டுவிட்டோம்.

இப்போது எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஏரியில் மீன் நன்றாகப் படுகிற இடம் கொஞ்சம்தான். அங்கே வலை போட ஒவ்வொருவருக்கும் முறை உண்டு. அந்த முறைக்குப் பாடு என்று பெயர். சித்திரையில் அம்மன் கோயில் வாசலில் பெயர்ச்சீட்டைச் சொம்பில் போட்டுக் குலுக்கி, யாருக்கு எந்த நாள், எந்த இடம் என்று பிரிப்பார்கள். தனி அடுப்பு வைத்தவனுக்குத்தான் தனிப் பெயர். அண்ணனும் தம்பியும் ஒரே அடுப்பில் சாப்பிட்டால் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே சீட்டு. எங்கள் ஊரில் அப்படி. இன்னொன்றும் உண்டு. கை கால் விளங்காதவன், கண் தெரியாதவன் பெயரைச் சொம்பில் போட மாட்டார்கள். ஒருவன் தடுமாறி வலையைச் சிக்கவிட்டால் அடுத்தவன் பாடும் சேர்ந்து கெடும் என்பார்கள்.

சின்னம்மாவுக்குத் தனி அடுப்பு வேண்டும். அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. வாய்விட்டு அம்மாவிடம் கேட்டிருக்கிறாள்.

"எனக்குன்னு ஒரு அடுப்புக்கா. அதுல நான் வெக்கிற கொழம்பு வாயில வெக்க வௌங்கலன்னாலும் அது எங்கொழம்பு. அவரு பேரும் சொம்புல வுழும்."

"என்னாண்ட சொல்லி இன்னா பண்றது? உங்க மாமாவாண்ட கேளு."

நைனாவிடம் அவளே எப்படிக் கேட்பாள்? சித்தப்பா கேட்டார். தலையைச் சொறிந்துகொண்டு, முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டார். நைனாவும் முருங்கை மரத்தடியைப் பார்த்தபடியே பதில் சொன்னார்.

"பொட்டி ரெண்டாவட்டும். அன்னிக்கே நீங்களும் ரெண்டாவுங்க. ஒரு பொட்டி உனுக்கு, ஒரு பொட்டி எனுக்கு. நான் இன்னா வேணாம்னா சொல்றேன்?"

அன்றைக்கே சின்னம்மா ஏரிக்கரைக் களிமண்ணும் உமியும் பிசைந்து, வீட்டுக்குப் பின்னால் ஒரு அடுப்பு போட்டாள். மூன்று குமிழும் ஒரே உயரம். வெடிப்பு விழாமல் இருக்க ஈரச் சாக்குப் போட்டு, கோழி ஏறாமல் கூடை கவிழ்த்து வைத்தாள். நான் கூடையைத் தூக்கிப் பார்த்தால் விரட்டுவாள். விரட்டும்போதும் அவளுக்குச் சந்தோஷம்தான்.

தை பிறந்ததும் வேலிக்காத்தான் ஒரேயடியாகப் பூத்தது. மஞ்சள் பூ, நீட்டு நீட்டாக. காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் இனிப்பாக ஒரு வாசம் வரும். ஏரிப் பக்கமிருந்து அடித்தால் கருவாட்டு வாசம். வீட்டில் எல்லோர் கண்ணும் பெட்டி மேலேயே இருந்தது. காலையில் பல் விளக்கும்போதே சின்னம்மா கேட்பாள்.

"இன்னாக்கா, தாடி வுட்டுச்சா?"

"தாடி வுட்டா கத்தி எடுத்தாந்து செரைச்சு வுடு, போ," என்பாள் அம்மா.

மாசியில் நிஜமாகவே தாடி விட்டது. பெட்டி வாசலிலிருந்து பழுப்பாக ஒரு கொத்து தொங்கியது. வெயிலில் அது மெதுவாக மூச்சு விடுவதுபோல் இருக்கும். ஆண் ஈக்கள் மத்தியானத்தில் உறுமிக்கொண்டு வெளியே வந்தன. சின்னம்மா அடுப்புக்கு வெள்ளைச் சுண்ணாம்பு பூசினாள்.

ஆனால் பெட்டியைத் திறப்பது நைனா மட்டும்தான். வீட்டுக்குப் பெரியவர் கைதான் அதில் பட வேண்டும் என்று சொல்லிவிட்டார். தேங்காய் நாரைத் தகர டப்பாவில் கொளுத்திப் புகை காட்டி, மூடியைத் தூக்கி, ஒவ்வொரு சட்டமாக எடுப்பார். எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடிப்பார். பிறகு ஆள்காட்டி விரலை அடையின் அடியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓட்டுவார். ஈ விரலில் ஏறி இறங்கும். ஒன்றிரண்டு கொட்டும். அசையவே மாட்டார். பார்க்க வந்தவர்கள், "யப்பா, கையிலயே கண்ணு கீதுய்யா இவனுக்கு," என்று ஆச்சரியப்பட்டுப் போவார்கள். நைனா லேசாகச் சிரிப்பார்.

தடவிக்கொண்டே போகும் விரல் சில இடத்தில் நிற்கும். நகத்தால் கிள்ளி எதையோ எடுத்துக் கீழே போடுவார். அவர் போன பிறகு நான் போய்ப் பொறுக்குவேன். வேர்க்கடலை மாதிரி நீளமாக, மேலே புள்ளி புள்ளியாக, கையில் எடுத்தால் லேசான சூடு. உள்ளே வெள்ளைக் கஞ்சியும் ஒரு புழுவும் இருக்கும். அதைக் கோழிக்குத் தட்டிவிட்டு, மெழுகுக் கூட்டை மட்டும் வைத்துக்கொள்வேன். ஒரே அளவில் இரண்டு கிடைத்த அன்று, ஈர்க்குச்சியைச் செருகிக் காது ஓட்டையில் மாட்டினேன். ஜிமிக்கி! எனக்கு அதுவரை காதில் வேப்பங்குச்சிதான். வாசமான ஜிமிக்கி போட்டுக்கொண்டு, தலையை ஆட்டி ஆட்டித் தெருவில் நடந்தேன்.

சின்னம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். "இன்னாடி மினுக்கிக்கினு போற, கிட்ட வா," என்றாள். ஈரக் கையால் என் காதைப் பிடித்துத் திருப்பினாள். அப்படியே பிடித்துக்கொண்டே இருந்தாள். எனக்குக் காது வலித்தது.

"எங்க எடுத்த இத?"

"நைனா கிள்ளிப் போட்டாரு."

"எத்தினி தபா?"

"எப்பவுமே கிள்ளுவாரே," என்றேன்.

அதிகாரி சொன்ன வேர்க்கடலையை அவள் மறந்திருக்கவில்லை. என் காதிலிருந்து இரண்டையும் மெதுவாகக் கழற்றி, முந்தானையில் முடிந்துகொண்டாள். நான் அழுதேன். அவள் என்னைத் திட்டவும் இல்லை, சமாதானப்படுத்தவும் இல்லை. மீனை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனாள். பூனை வந்து ஒன்றைத் தூக்கிக்கொண்டு போயிற்று.

சாயங்காலம் சாப்பாட்டு நேரத்தில் முதல் தடவையாக நைனாவுக்கு நேரே வந்து நின்று பேசினாள். முந்தானையை அவிழ்த்து அந்த இரண்டு மெழுகுக் கூட்டையும் அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"மாமா, இது இன்னா?"

நைனா குனிந்தார். கையில் எடுத்து உருட்டினார். முகம் மாறியது எனக்கே தெரிந்தது.

"பொட்டிக்கு இன்னும் பலம் பத்தலம்மா. பலமில்லாம பிரிச்சா ரெண்டும் சாவும்."

"பலமில்லாததா தாடி வுட்டு தொங்குது?"

"தே, பெரியவராண்ட இன்னா பேச்சு?" என்று சித்தப்பா எழுந்தார். "அண்ணன் அப்டிலாம் செய்யாது. உள்ள போ."

"உன் அண்ணன் செய்யல. நான்தான் செஞ்சேன். எல்லாரும் சாப்புடுங்க," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். அம்மா யாருக்கும் பரிந்து பேசவில்லை. குழம்புச் சட்டியைக் கரண்டியால் சுரண்டிக்கொண்டே இருந்தாள். அந்தச் சத்தத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பல் கூசும்.

ஊரில் நைனாவைப் பற்றிப் பேச்சு வந்தது. தம்பி உழைப்பை விட மனசில்லை, பேராசைக்காரன், ஈயைக்கூடப் பெருகவிடாதவன் என்றார்கள். அவர் காதிலும் விழுந்திருக்கும். வாயைத் திறக்கவில்லை. கிள்ளுவதையும் நிறுத்தவில்லை.

பங்குனியில் ஒரு நாள் அண்ணன் தம்பி இரண்டு பேரும் வலை போடப் போயிருந்தார்கள். நல்ல உச்சி வெயில். முருங்கை மரத்தடியில் பெரிய இரைச்சல். ஓடிப்போய்ப் பார்த்தால் பெட்டி வாசலிலிருந்து ஈ கொட்டிக்கொண்டிருந்தது. கொட்டி, மேலே எழும்பி, வீட்டுக்கு மேல் சுற்றியது. நைனாவின் விரலுக்கு ஏதோ ஒன்று தப்பிவிட்டது. தெருப் பெண்களெல்லாம் தட்டையும் தகரத்தையும் எடுத்துக்கொண்டு தட்டினோம். தட்டினால் இறங்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். தட்டியதாலோ என்னவோ, கூட்டம் கோயில் பக்கத்துப் பூவரச மரக்கிளையில் போய்ப் பலாப்பழம் மாதிரி தொங்கியது.

சின்னம்மா அதற்கு அடியில் போய் நின்றாள். அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். இதுதான் அவளுடைய பெட்டி, அவளுடைய அடுப்பு, எல்லாம். ஆனால் பெரியவர் கைதான் பட வேண்டும் என்று சொல்லிவைத்திருக்கிறார்களே. திரும்பி அம்மாவைப் பார்த்தாள்.

அம்மா கொஞ்ச நேரம் ஏரிப் பக்கம் பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று வீட்டுக்குள் போய்க் கையில் கிடைத்த கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"புடி. அவரு வர்றதுக்குள்ள ஜல்தி எடு. கேட்டா நான் சொல்லிக்கிறேன்."

என் அம்மா ஒருநாளும் நைனா பேச்சை மீறியதில்லை. அன்றைக்கு மீறினாள். சின்னம்மா அவள் கையை ஒரு நிமிஷம் பிடித்துக்கொண்டாள். அப்புறம் கிளையை வளைத்து, ஒரே உலுக்கு. கூட்டம் சொத்தென்று கூடைக்குள் விழுந்தது. மேலே ஈரச் சாக்கைப் போட்டு, அந்த வெள்ளை அடுப்புக்குப் பக்கத்திலேயே நிழலில் வைத்தாள். காதை வைத்துக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். "உள்ள கீதுடி," என்றாள். அந்தச் சிரிப்பு ஒரு நொடி வந்து போனது.

கிடைத்த கூடை மீன் கூடை. எங்கள் வீட்டில் வேறு என்ன கூடை இருக்கும்? காலையில் விற்றுவிட்டு வந்து கழுவிக் கவிழ்த்ததுதான். எங்கள் மூக்குக்கு அது சுத்தமான கூடை. வேலிக்காத்தான் பூவில் புரண்டு வந்த ஈக்கு அப்படி இருக்குமா? வெயில் தாழ்ந்ததும் சாக்கின் இடுக்கு வழியாக ஒவ்வொன்றாக வந்தன. பிறகு ஒரே மூச்சில் எல்லாம் கிளம்பின. இந்த முறை தட்டு தட்டியும் நிற்கவில்லை. ஏரிக்கு மேலே ஒரு கறுப்புத் துணி மாதிரி போய், அக்கரைப் பக்கம் சின்னதாகி மறைந்தது. சின்னம்மா முழங்கால் தண்ணீர்வரை பின்னாலேயே போனாள். அங்கேயே நின்றாள். அம்மா போய்க் கூப்பிட்டும் வரவில்லை.

ஆண்கள் திரும்பி வந்ததும் அம்மா நடந்ததைச் சொன்னாள். கூடை கொண்டுவந்து கொடுத்தது தான்தான் என்பதையும் மறைக்காமல் சொன்னாள். நைனா கோபப்படவில்லை. "புது ராணி போயிடுச்சு, அவ்ளோதான. பழசு வூட்டுலதான் கீது," என்றார். வேறு எதையும் கேட்காமல் போய்ப் பெட்டியைத் திறந்து, விரலை ஓட்டி, மிச்சமிருந்த வேர்க்கடலைகளையும் கிள்ளிப் போட்டார். இன்னும் ஒரு கூட்டம் போய்விடக் கூடாதே என்று. அடுத்த முறை திறந்தபோதும் அப்படியே. அதிகாரி சொன்னது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. பெரியவர் வீட்டை விட்டுப் போவார் என்று எங்களில் யாருக்குத்தான் தோன்றும்? பெட்டியில் ராணியே இல்லை. இனி வரப்போகிறவளையும் அவர் கையாலேயே கிள்ளிவிட்டார்.

பெட்டியின் சத்தம் மாறியது. முன்பெல்லாம் ஒரே சீராக இரையும். இப்போது எதையோ தேடிக்கொண்டு அழுகிற மாதிரி ஒரு சத்தம். எறும்பு கிண்ணத்தைத் தாண்டி ஏறியது. பங்குனி முடியும்போது சித்தப்பா, "அண்ணே, நானும் ஒரு தபா பாக்கறேன்," என்றார். நைனா ஏனோ மறுக்கவில்லை. சின்னம்மா கொஞ்சம் தள்ளி, தண்ணீர்க் குடத்தோடு நின்றாள். நான் புகை டப்பாவை வைத்துக்கொண்டிருந்தேன்.

சித்தப்பா ஒரு சட்டத்தைத் தூக்கி வெயிலுக்கு நேரே பிடித்தார். அடை முழுக்க வெற்று அறைகள். முட்டை இல்லை, புழு இல்லை, ஒரு சொட்டுத் தேன்கூட இல்லை. இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார். பிறகு நைனாவிடம் நீட்டினார்.

"முட்ட கீதாண்ணே, பாரு."

நைனா சட்டத்தை வாங்கிக் கண்ணுக்கு நேரே பிடித்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"கீதே. வெள்ள வெள்ளையா நெறைய கீது. தெரியல உனுக்கு?"

சித்தப்பா சட்டத்தைப் பார்த்தார். அண்ணன் முகத்தைப் பார்த்தார். வெயில் நைனாவின் கண்ணில் நேராக விழுந்தது. அவர் கண் கூசவில்லை. சின்னம்மாவின் இடுப்பிலிருந்து குடம் மெல்லச் சரிந்து தரையில் உட்கார்ந்தது.

"ஆமாண்ணே," என்றார் சித்தப்பா. சட்டத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "நெறைய கீது."

நைனா பொய் சொல்கிறார், சித்தப்பா பயந்துபோய் ஆமாம் போடுகிறார் என்றுதான் நான் நினைத்தேன். எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம். சித்தப்பாவுக்கும் சின்னம்மாவுக்கும் அந்த நொடியிலேயே எல்லாம் விளங்கிவிட்டது. தோணியில் தம்பி முன்னால் நின்று வழி சொல்ல, அண்ணன் பின்னால் நின்று கோல் ஊன்றுவது ஏன். தம்பி தனியாகப் போனால் வேறு ஆளைத் தோணியில் ஏற்ற வேண்டும், ஏற்றினால் முதல் விடியலிலேயே குட்டு வெளிப்படும், அடுத்த சித்திரையில் பெயர் சொம்பில் விழாது என்பது. கண் தெரியாதவன் என்று பெயர் வாங்குவதைவிடப் பேராசைக்காரன் என்ற பெயரே தேவலை என்று நைனா முடிவு செய்திருக்கிறார்.

சித்திரை பிறந்தது. கோயில் வாசலில் ஊர் கூடியது. ஆண்கள் முன்னால், பெண்கள் வேப்பமர நிழலில். பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டே வந்த ஊர்த்தலைவர் எங்கள் வீட்டு முறை வந்ததும் நிறுத்தினார். தனி அடுப்பு விஷயம் எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

"உங்க வூட்டுல ஒரு பேரா, ரெண்டு பேரா? ஜல்தி சொல்லுங்கப்பா, வெயிலு ஏறுது."

நைனா நேரே பார்த்துக்கொண்டு நின்றார். சித்தப்பா மெதுவாகத் திரும்பி, பெண்கள் கூட்டத்தில் சின்னம்மாவைத் தேடினார். அவரால் முடியவில்லை, அவளிடம் விட்டுவிட்டார். இத்தனை கூட்டத்தில் பெண்கள் பேசுகிற வழக்கம் இல்லை. சின்னம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது. பிறகு கையைத் தூக்கி ஒரு விரலைக் காட்டினாள்.

"ஒரே பேருதாங்க," என்றார் சித்தப்பா.

நைனாவின் தோள் இறங்கியதைப் பார்த்தேன். அந்த விரலை அவர் பார்க்கவில்லை. அவரால் பார்த்திருக்க முடியாது.

அன்று வீட்டுக்கு வந்ததும் சின்னம்மா பழைய அடுப்பை மூட்டி, பானையை ஏற்றினாள். ஏற்றிய வேகத்தில் விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்தது. பின்கட்டில் இருந்த வெள்ளை அடுப்பில் ஒரு நாளும் நெருப்பு ஏறவில்லை. கோழி அதில் முட்டையிட்டது. ஐப்பசி மழையில் கரைந்து, மூன்று மேடாகி, அப்புறம் அதுவும் இல்லை. பெட்டியை மெழுகுப் பூச்சி தின்றது. நைனா வெகுகாலம் இருந்தார். தோணியில் போய் உட்கார்ந்திருப்பார்; வேலையெல்லாம் சித்தப்பா. ஊருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தும் யாரும் வாயைத் திறக்கவில்லை என்றுதான் இப்போது நினைக்கிறேன். ஒருமுறை போய்ச் சொல்லியிருந்தால் ஊரே ஏதாவது வழி பண்ணியிருக்கும். அந்தப் பாழாய்ப்போன பயம் அவரைச் சொல்லவிடவில்லை.

வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடிப்பார். "பொட்டி செத்துச்சு, ஆனா குடும்பம் பிரியல. எந்தம்பி எம்பேச்ச மீற மாட்டான்." சொல்லிக்கொண்டே சாப்பிடுவார். பக்கத்தில் சின்னம்மா உட்கார்ந்து பால்கெண்டையில் முள் எடுத்து, சதையை மட்டும் அவர் சோற்றில் வைப்பாள். பால்கெண்டை உங்களுக்குத் தெரியும், முடி மாதிரி முள், கண் இருக்கிறவனுக்கே தொண்டையில் சிக்கும். "மாமாவுக்கு முள்ளு எடுக்கக்கூட சோம்பேறித்தனம்," என்று ஊர் கேட்கச் சொல்வாள். அவரும் சிரிப்பார். அவளுக்குத் தனி அடுப்பு வந்தபோது தலை நரைத்துவிட்டது. கேஸ் அடுப்பு. அதை ஒரு நாளும் துடைத்துப் பளபளப்பாக வைத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

சித்தப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். சின்னம்மா இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். கூன் விழுந்துவிட்டது, கண் மட்டும் கழுகுக் கண். நேற்று மத்தியானம் ஒரு கிண்ணத்தில் குழம்பு எடுத்துக்கொண்டு வந்தாள். "பால்கெண்ட. நல்லா பட்டுதாம். சோறு கீதா?" என்று கேட்டு அவளே தட்டு எடுத்துப் போட்டாள். வழக்கம்போல் ஒவ்வொரு துண்டாக விரலால் நசுக்கி முள்ளைத் தேடினேன். அவள் பார்க்காத மாதிரித்தான் தேடினேன். முதல் துண்டில் முள் இல்லை. அடுத்ததிலும் இல்லை. தட்டு முழுக்கத் தடவினேன். ஒரு முள்கூட இல்லை.

இத்தனை வருஷத்தில் நைனா ஒரு தடவை சொல்லியிருந்தால் இவள் வாழ்க்கை எப்படி இருந்திருக்கும்?

"சின்னம்மா," என்றேன். "எனக்குக் கண்ணு சரியா தெரியல."

"தெரியும். சாப்புடு," என்றாள். "நாளைக்கு பொன்னேரிக்கு போய் காட்டலாம்."